அளவான குடும்பம்: சுமந்தது யார்?

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் என்ற பெருமையை முன்வைத்துத் தமிழ்நாடு நாடாளுமன்ற இடங்களுக்காக வாதாடுகிறது. அந்தப் பெருமையை உருவாக்கிய எழுபது ஆண்டுத் திட்டம், பெண்ணின் உடலையும் அன்றாட வாழ்வையும் எப்படி மாற்றியமைத்தது என்று ஆராய்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

1971 ஜூலை மாதம் எர்ணாகுளம் நகர மன்ற வளாகம் திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. கிராமம் கிராமமாக ஆண்கள் ஊர்வலமாக அழைத்துவரப்பட்டனர். தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறுவைக் கூடங்களில் மருத்துவர்கள் ஓய்வின்றிப் பணியாற்றினர். அறுவை முடிந்து வெளியே வந்தவர்கள் ரொக்கமும் துணியும் அரிசியும் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினர். மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் முன்னின்று நடத்திய அந்த ஒரு மாத முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டனர். குடும்பத்தை அளவாக வைத்துக்கொள்வது ஆணின் கடமை என்று அரசு கருதிய காலமும், அதை ஆண்கள் பெருந்திரளாக ஏற்ற இடங்களும் இந்தியாவில் இருந்தன என்பதற்கு அந்த முகாம் சான்று.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழாகியிருக்கிறது. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான, 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட குடும்பங்களோ வெறும் 0.3 விழுக்காடு. பெண்ணின் அறுவை வயிற்றைத் திறந்து செய்யப்படுவது, ஆணின் அறுவை தோலில் ஒரு சிறு துளையோடு முடிவது என்று மருத்துவம் தெளிவாகச் சொல்லும்போது, கடினமான வழியே பொது வழியாகவும் எளிதான வழி அரிதாகவும் மாறியதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அந்த மாற்றத்தைச் செய்தது அரசியலும் நிர்வாகமுமே.

இடங்களுக்கான வாதமும் உடல்களின் வரலாறும்

தொகுதி மறுவரையறை குறித்த விவாதத்தால் இந்த வரலாறு இன்று மீண்டும் பேசப்பட வேண்டியதாகிறது. மக்களவை இடங்களை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் நிலைநிறுத்திய 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1976இல் வந்தது. மக்கள்தொகையைக் குறைக்கும் மாநிலங்கள் அதனால் பிரதிநிதித்துவத்தை இழக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். பின்னர் 84ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்தக் காலவரம்பு நெருங்கிவிட்டதால், திட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றியதற்குத் தண்டனையா என்ற கேள்வியைத் தென்மாநிலங்கள் எழுப்புகின்றன. கேள்வி நியாயமானது.

ஆனால் அந்த நியாயம் பேசப்படும் மேடைகளிலேயே இன்னொரு குரலும் எழுந்திருக்கிறது. ஆந்திரப் பிரதேச முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, கூடுதலாகக் குழந்தை பெற்றுக்கொள்ளுமாறு மக்களை ஊக்குவித்து வருகிறார். இரண்டுக்கு மேல் குழந்தை உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட முடியாது என்ற தடையை அம்மாநிலம் 2024இல் நீக்கியது. அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, புதுமணத் தம்பதியர் உடனடியாகக் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2025 மார்ச்சில் கேட்டுக்கொண்டார். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற காலத்திலும், கூட்ட வேண்டும் என்ற இக்காலத்திலும் கணக்குப் போடுபவர் மாறினாலும், அந்தக் கணக்கை உடலால் நிறைவேற்ற வேண்டியவர் மாறவில்லை. எனவே சாதனையை உரிமை கோருவதற்கு முன், அது எந்த வழியில் வந்தது என்று பார்ப்பது அவசியம்.

விடுதலைக் குரலிலிருந்து இலக்குப் பட்டியலுக்கு

கருத்தடை பற்றிய பேச்சு தமிழகத்துக்கு அரசுத் திட்டமாக வந்து சேர்ந்ததன்று. 1920களின் இறுதியில் சென்னையின் உயர்குடி ஆண்கள் சிலர், மக்கள் பெருக்கமே வறுமைக்குக் காரணம் என்ற மால்தூசியக் கோட்பாட்டைப் பரப்பச் சங்கம் அமைத்தனர். அதே காலத்தில் சுயமரியாதை இயக்கமும் கருத்தடையை ஆதரித்தது. ஆனால் அதன் அடிப்படை முற்றிலும் வேறானது. நாட்டின் செல்வத்துக்காகவோ குடும்பத்தின் ஆரோக்கியத்துக்காகவோ கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, பெண் தன்னுரிமையோடும் சுதந்திரத்தோடும் வாழ்வதற்கே அது தேவை என்று பெரியார் வாதிட்டார். பெண்களே கருத்தடைக் கருவிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும், தாய்மையைப் பெண் மறுக்கவும் உரிமை உண்டு என்ற அளவுக்கு அவ்வியக்கத்தின் வாதம் சென்றது. வரலாற்றாய்வாளர் எஸ். ஆனந்தி உள்ளிட்டோர் விரிவாக ஆராய்ந்துள்ள இந்த விவாதம், கருத்தடையைக் கேட்கும் உரிமை பெண்ணுடையது என்ற கருத்து தமிழ் மண்ணில் எவ்வளவு முன்பே வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

அரசு தேர்ந்தெடுத்ததோ மற்ற வழியை. 1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து, பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராகப் பணியாற்றிய ஆர்.ஏ. கோபாலசுவாமி, மூன்று குழந்தைகளுக்குப் பிறகு நேரும் பேறுகளைப் பொறுப்பற்ற தாய்மை என்று வகைப்படுத்தினார். தந்தைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 1952இல் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அதிகாரபூர்வமாக ஏற்ற முதல் நாடானது இந்தியா. சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் செயற்கை முறைகளை விரும்பாததால், கருத்தரிக்கும் நாட்களைக் கண்டறிந்து விலகியிருக்கும் முறையே முதலில் சோதிக்கப்பட்டது. மைசூர் மாநிலத்தின் ராமநகரத்தில் பெண்களுக்கு நாட்களை எண்ணுவதற்காக வண்ண மணிமாலைகள் வழங்கப்பட்டன. எந்த நாளில் மறுக்கலாம் என்பதைக் கணவனிடம் சொல்லும் நிலையில் மனைவி இருக்கிறாளா என்பதை அத்திட்டம் கணக்கில் கொள்ளவில்லை, அது தோல்வியடைந்தது.

1950களின் இறுதியில் சென்னை மாநிலம், அறுவை செய்துகொள்பவர்களுக்கும் அவர்களை அழைத்துவரும் முகவர்களுக்கும் பணம் வழங்கும் முறையை நாட்டுக்கு முன்னோடியாகத் தொடங்கியது. 1965-66இன் பஞ்ச காலத்தில் உணவு உதவிக்கு அமெரிக்கா மக்கள்தொகைக் கொள்கையோடு தொடர்புடைய அழுத்தங்களைச் சேர்த்தது. அதே ஆண்டுகளில் லூப் எனப்பட்ட கருப்பை வளையம் நாடெங்கும் பரப்பப்பட்டது. 1966 முதல் ஒவ்வொரு முறைக்கும் இத்தனை பேர் என்ற இலக்கு மேலிருந்து கீழே இறக்கப்பட்டது. லூப் பொருத்திக்கொண்ட பெண்களுக்கு ஏற்பட்ட மிகுந்த உதிரப்போக்கும் வலியும் கேட்பாரற்றுப் போனதால், அந்த முறை ஊர்களில் நம்பிக்கையை இழந்தது. சிவப்பு முக்கோணச் சின்னமும், நாம் இருவர் நமக்கு இருவர் என்ற முழக்கமும் சுவர்தோறும் எழுதப்பட்டபோது, அந்த இருவரில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதை இலக்குப் பட்டியலே தீர்மானித்தது.

[பெட்டிச் செய்தி] திட்டம் கடந்து வந்த பாதை

■ 1952: தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடக்கம்.
■ 1966: முறைவாரியான இலக்குகள் அறிமுகம்.
■ 1968: குறைந்த விலையில் நிரோத் ஆணுறை விற்பனை தொடக்கம்.
■ 1970, 1971: எர்ணாகுளத்தில் ஆண்களுக்கான பெருமுகாம்கள்.
■ 1976: நெருக்கடிநிலையின்போது தேசிய மக்கள்தொகைக் கொள்கை; கட்டாய அறுவைகள்.
■ 1977: ஆட்சி மாற்றம், திட்டத்தின் பெயர் குடும்ப நலம் என்று மாற்றம்.
■ 1994: கெய்ரோ பன்னாட்டு மாநாடு, எண்ணிக்கை இலக்குகளுக்குப் பதிலாக இனப்பெருக்க உரிமைகளுக்கு முதன்மை.
■ 1995-96: தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலக்குகள் கைவிடப்படுதல், 1996 ஏப்ரலில் நாடெங்கும்.
■ 2016: அறுவை முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவு.

1977: ஆண்கள் விடுவிக்கப்பட்ட ஆண்டு

நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. பள்ளி ஆசிரியர்களின் சம்பளம், நிலப் பட்டா, குடும்ப அட்டை, வீட்டுமனை ஆகிய அனைத்தும் அறுவைச் சான்றிதழோடு பிணைக்கப்பட்டன. அரியானாவின் உட்டாவர் கிராமத்தைக் காவல்துறை இரவோடு இரவாகச் சுற்றிவளைத்து ஆண்களை அழைத்துச் சென்றது. முசாபர்நகரில் எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அறுவைகளோடு தொடர்புடைய 1,774 இறப்புகளை ஷா விசாரணை ஆணையம் பதிவு செய்தது.

1977 மார்ச் தேர்தலில் வட இந்தியாவில் காங்கிரஸ் அடியோடு சரிந்தது. ஆணின் உடலில் கைவைத்தால் ஆட்சி போகும் என்ற பாடத்தை எல்லாக் கட்சிகளும் அன்றே கற்றுக்கொண்டன. அடுத்த நிதியாண்டில் மொத்த அறுவைகள் பத்து லட்சத்துக்கும் கீழே விழுந்தன. மீண்டும் எண்ணிக்கை ஏறத் தொடங்கியபோது அறுவை மேசையில் இருந்தவர்கள் பெண்கள். வயிற்றில் சிறு துளையிட்டுக் குழல்நோக்கி வழியாகக் கருக்குழாய்களை அடைக்கும் லேப்ராஸ்கோப்பி முறை 1980களில் பரவியதும், ஒரே நாளில் ஏராளமான பெண்களுக்கு அறுவை செய்ய முடிந்தது. ஆணின் சினம் வாக்குப்பெட்டி வரை சென்றது. பெண்ணின் வலியோ வீட்டுக்குள்ளேயே தங்கியது. அந்த வேறுபாட்டின் மீதுதான் அடுத்த ஐம்பது ஆண்டுத் திட்டம் கட்டப்பட்டது.

பிரசவ வார்டில் எடுக்கப்படும் முடிவு

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் வட மாநிலங்களைப் போல முகாம்களை நம்பவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பரவலாக இருந்ததாலும், பெரும்பாலான பெண்கள் மருத்துவமனையில் பிள்ளை பெறும் நிலை முன்பே உருவாகிவிட்டதாலும், இரண்டாம் பிரசவத்தை ஒட்டி, அதே மருத்துவமனையில், வீடு திரும்பும் முன்பே அறுவையை முடித்துவிடுவது இங்கே வழக்கமாயிற்று. பிரசவமே அறுவை வழியாக நடக்கும்போது கருத்தடையையும் உடன் செய்துவிடுவது மேலும் எளிது, தமிழ்நாட்டில் 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவை வழியாகவே நடக்கின்றன. பாதுகாப்பு, செலவு, மீண்டும் வர வேண்டிய தேவையின்மை ஆகிய மூன்றிலும் இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது.

சிக்கல் இருப்பது சம்மதம் பெறப்படும் தருணத்தில். வலியிலும் களைப்பிலும் இருக்கும் பெண்ணிடம், மாமியாரும் தாயும் கணவனும் செவிலியரும் சூழ நிற்க, 'ஆபரேஷனையும் பண்ணிவிடலாமா' என்று கேட்கப்படும்போது, அவள் தரும் கையொப்பம் எந்த அளவுக்கு அவளுடைய முடிவு என்பது தீவிரமான கேள்வி. 1990களில் தமிழ்நாட்டின் பிரசவ வார்டுகளில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹோலன், பிரசவம் முடிந்த உடனேயே கருப்பை வளையம் பொருத்துவது வழக்கமான நடைமுறையாகவே மாறியிருந்ததையும், பல பெண்களிடம் உரிய சம்மதம் பெறப்படாததையும் பதிவு செய்தார். இலக்குகள் தாளில் கைவிடப்பட்ட ஆண்டுகளிலும் அந்தப் பழக்கம் நீடித்தது. தன்னை அதட்டிப் பேசும் மருத்துவமனையாயினும் அதையே நம்பி வர வேண்டிய ஏழைப் பெண்ணுக்கு, மறுப்பதற்கான வலு மிகக் குறைவு.

இதில் சாதியும் வகுப்பும் தெளிவாகத் தொழிற்படுகின்றன. தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் நடுத்தர வகுப்புப் பெண்ணுக்கு மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை என்று தேர்வுகள் விளக்கப்படுகின்றன. அரசு மருத்துவமனையையே நம்பியிருக்கும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு நிரந்தர முறையே முதலும் முடிவுமாக முன்வைக்கப்படுகிறது. அவள் மாத்திரையை மறந்துவிடுவாள், அவளுடைய கணவன் ஒத்துழைக்கமாட்டான் என்ற முன்முடிவு அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கிறது.

[பெட்டிச் செய்தி] எண்களில் இன்றைய நிலை

(ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21)

■ பெண் கருத்தடை அறுவை: இந்தியா 37.9%, தமிழ்நாடு சுமார் 58%.
■ ஆண் கருத்தடை அறுவை: இந்தியா 0.3%; தமிழ்நாடு 0.1%.
■ இந்தியாவில் பிற முறைகள்: ஆணுறை 9.5%, மாத்திரை 5.1%, கருப்பை வளையம் 2.1%.
■ ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகள் (கருவள விகிதம்): இந்தியா 2.0, தமிழ்நாடு 1.8. மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையானது 2.1.
■ தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம்: 99.6%.
■ தமிழ்நாட்டில் ரத்தசோகை உள்ள பெண்கள் (15-49 வயது): 53.4%.

இருபத்தைந்து வயதுக்குப் பின்

இந்தத் திட்டம் பெண்களின் அன்றாட வாழ்வில் ஏற்படுத்திய நன்மைகள் மிகப் பெரியவை. பாட்டி எட்டுப் பிள்ளைகள் பெற்று அவர்களில் சிலரைப் பறிகொடுத்த குடும்பத்தில், பேத்தி இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறாள். பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 54 என்ற அளவுக்கு 2018-20இல் குறைந்ததற்கும், நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு மாநிலத்தில் பணிபுரிவதற்கும், பிள்ளைப்பேற்றின் சுழற்சியிலிருந்து பெண்கள் விடுபட்டது ஒரு முக்கியக் காரணம். அறுவையைத் தாமே விரும்பிக் கேட்டுச் செய்துகொண்ட பெண்களும் ஏராளம். கணவனின் ஒத்துழைப்பை எதிர்பார்க்காமல் தன் கையில் முடிவை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அது ஒன்றே வழியாக இருந்தது.

ஆனால் அந்த ஒரே வழி பெண்ணின் வாழ்நாளை ஒரு குறிப்பிட்ட வடிவில் வார்த்தது. இளம் வயதில் திருமணம், அடுத்தடுத்து இரண்டு பிரசவங்கள், இருபதுகளின் நடுவிலேயே அறுவை என்ற வரிசையில், பிள்ளைகளுக்கிடையே போதிய இடைவெளி விடும் முறைகளுக்கு இடமே இல்லாமல் போனது. முதல் பிரசவத்தின் ரத்தசோகை தீரும் முன்பே இரண்டாவது கரு, அதன் களைப்பு தீரும் முன்பே அறுவை, அறுவைக்குப் பின் சில வாரங்கள் கனமான பொருள் தூக்கக் கூடாது என்ற அறிவுரை, தண்ணீர்க் குடமும் விறகும் காத்திருப்பதால் அந்த அறிவுரையைப் பின்பற்ற முடியாத நிலை என்று அவளுடைய இளமை கழிகிறது. வேலைக்குப் போகும் பெண் அறுவைக்காக இழக்கும் கூலிக்கு ஈட்டுத்தொகை உண்டு. வீட்டில் அவள் செய்யும் வேலையைப் பகிர்ந்துகொள்ள யாருமில்லாத குறைக்கு அத்தொகை ஈடாகாது.

அறுவை முடிந்தபின் சுகாதாரத் துறைக்கும் அந்தப் பெண்ணுக்குமான உறவும் பெருமளவு முடிந்துவிடுகிறது. கருத்தரிக்கும் ஒருவராக மட்டுமே பெண்ணைப் பார்த்த அமைப்பு, வெள்ளைப்படுதலோடும் இடுப்புவலியோடும் கருப்பை இறக்கத்தோடும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அவள் படும் அவதியைத் தன் பொறுப்பாகக் கருதவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, இரு கிராமங்களில் பரிசோதிக்கப்பட்ட பெண்களில் 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய்கள் இருந்ததையும், அவர்களுள் மிகச் சிலரே அதுவரை மருத்துவப் பரிசோதனை பெற்றிருந்ததையும் உலகுக்குக் காட்டியது.

நிரந்தர முறையின் கொடிய விளைவைத் தமிழகக் கடற்கரை 2004 டிசம்பரில் கண்டது. ஆழிப்பேரலையில் பிள்ளைகள் அனைவரையும் இழந்த நாகப்பட்டினம் பகுதித் தாய்மார்களில் பலர், ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட இளம் பெண்கள். வெட்டப்பட்ட கருக்குழாய்களை மறுபடி இணைக்கும் அறுவையை அரசு தன் செலவில் செய்துகொடுக்க முன்வந்தது. அது மனிதநேயமிக்க நடவடிக்கை. எனினும் இணைப்பு அறுவைக்குப் பின் கருத்தரிப்பது உறுதியில்லை. துக்கத்தில் இருந்த அதே பெண்கள், குடும்பம் மீண்டும் தழைக்க இன்னோர் அறுவைக்குத் தங்கள் உடலைத் தர வேண்டியிருந்தது.

அராரியா முதல் பிலாஸ்பூர் வரை

மருத்துவக் கட்டமைப்பு மெலிந்த மாநிலங்களில் விளைவுகள் இதைவிடக் கொடூரமாக இருந்தன. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாடற்றுக் கிடந்த மருத்துவமனை ஒன்றில் ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அம்மாவட்ட முகாம்களில் அறுவை செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தனர். இறந்தவர்கள் பெரும்பாலும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த இளம் தாய்மார்கள்.

அராரியா நிகழ்வை முன்வைத்து தேவிகா பிஸ்வாஸ் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தவும், மறைமுக இலக்குகள் இல்லாதிருப்பதை உறுதிசெய்யவும், பெண்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெறவும் உத்தரவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இலக்குகளைப் பற்றி நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்ததே, அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரத்தைச் சொல்கிறது.

[பெட்டிச் செய்தி] இரண்டு அறுவைகள், ஓர் ஒப்பீடு

■ பெண்: வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ கருக்குழாய்கள் கட்டி வெட்டப்படுகின்றன அல்லது அடைக்கப்படுகின்றன. மயக்க மருந்து, மருத்துவக் கண்காணிப்பு, பல நாள் ஓய்வு தேவை.
■ ஆண்: நவீன வாசக்டமி எனப்படும் முறையில் விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு விந்துக்குழாய்கள் துண்டிக்கப்படுகின்றன. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. கத்தியும் தையலும் இல்லை. 10 முதல் 15 நிமிடம். அன்றே வீடு திரும்பலாம்.
■ ஆண் கவனிக்க வேண்டியது: விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியாகும் வரை, சுமார் மூன்று மாதம், வேறு கருத்தடை முறை தேவை.
■ ஆண்மை, உடல் வலு, வேட்கை ஆகியவற்றில் இந்த அறுவையால் மாற்றம் நிகழ்வதில்லை. விதைகள் சுரக்கும் ஹார்மோன் முன்போலவே ரத்தத்தில் கலக்கிறது.

ஆண்களின் அச்சத்தை வளர்த்தது யார்?

சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய கத்தியில்லா முறை இந்தியாவுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெண்ணுக்குத் தரப்படுவதைவிட ஆணுக்கு அதிக ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது; ஆண்டுதோறும் நவம்பரில் ஆட்சியர் அலுவலகங்கள் இருவார விழா நடத்துகின்றன. ஆயினும் உழைப்பவனின் உடம்பு தளர்ந்துவிடும், மூட்டை தூக்க முடியாது, ஆண்மை போய்விடும் என்ற அச்சங்கள் அசையவில்லை. கருத்தடை பெண்களின் வேலை, ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கூற்றை மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஆண்கள் ஏற்பதாக மேற்சொன்ன கணக்கெடுப்பே தெரிவிக்கிறது.

இந்த மனநிலையை மக்களின் அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் அதை உருவாக்கியதில் திட்டத்துக்கே பங்கு உண்டு. மூன்று தலைமுறைகளாகக் கருத்தடை பற்றிப் பேசியவர்கள் பெண் செவிலியர், பேசிய இடம் பிரசவ வார்டு, பேசப்பட்டவர்கள் பெண்கள். கருவுற்ற மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்துவரும் கணவன் வாசலிலேயே நிறுத்தப்படுகிறான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவனிடம் இதைப் பற்றிப் பேசும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை. ஆணுக்கான புதிய முறைகளில் ஆய்வும் மெதுவாகவே நகர்ந்தது: கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுஜய் குஹா 1970களில் ஆய்வைத் தொடங்கிய, விந்துக்குழாயில் செலுத்தும் கருத்தடை ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகள் 2023இல்தான் வெளிவந்தன.

சிறு குடும்பத்தில் மகள்

குடும்பம் சுருங்கியபோது, மகன் வேண்டும் என்ற விருப்பம் அதே வேகத்தில் சுருங்கவில்லை. நான்கு பிள்ளைகளில் ஒருவனாவது மகனாக இருப்பான் என்று காத்திருந்த குடும்பம், இரண்டே பிள்ளைகள் என்று முடிவெடுத்ததும் மகளின் பிறப்பைச் சுமையாகக் கருதத் தொடங்கியது. 1980களில் உசிலம்பட்டியிலும் பின்னர் சேலம், தருமபுரிப் பகுதிகளிலும் வெளிச்சத்துக்கு வந்த பெண் சிசுக்கொலைகளுக்கு வரதட்சணையும் நிலவுடைமையும் சாதிக் கௌரவமும் அடிப்படைக் காரணங்கள் என்றாலும், குறைந்த பிள்ளைகள் என்ற நெறி அந்தக் காரணங்களை மேலும் கூர்மையாக்கியது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் மத்திய சட்டம் 1994இல் வந்தது.

அதே 1992இல் அறிவிக்கப்பட்ட பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், மகளின் பெயரில் அரசு வைப்புத்தொகை வைப்பதற்கு, ஆண் வாரிசு இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பெற்றோரில் ஒருவர் என்ற அந்த நிபந்தனையை ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் தாயே நிறைவேற்றினாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் முதல் இரண்டு பிரசவங்களோடு நிற்கிறது. மூன்றாம் முறை கருவுற்ற பெண் பெரும்பாலும் மிக ஏழையாகவோ, முன்பு ஒரு குழந்தையை இழந்தவளாகவோ, மகன் வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டவளாகவோ இருக்கிறாள்; உதவி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் உதவி நிறுத்தப்படுகிறது.

இலக்கைச் சுமந்த செவிலியர்

திட்டம் மாற்றியமைத்த இன்னொரு பெண் வாழ்க்கை கிராம சுகாதாரச் செவிலியருடையது. பல ஆயிரம் பேருக்கு ஒருவராகத் துணைச் சுகாதார நிலையத்தில் பணியமர்த்தப்பட்ட அவர், வீடு வீடாகச் சென்று கருவுற்றவர்களைப் பதிவு செய்வதும், தடுப்பூசி போடுவதும், கணினிப் பதிவேடுகளை நிரப்புவதும் தவிர, அறுவைக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்றார். எண்ணிக்கை குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் கண்டிக்கப்பட்டவர் அவர். அறுவைக்குப் பின் ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி வந்தால் ஊரில் ஏச்சு கேட்டவரும் அவரே. அவருடைய சம்பளமும் சீருடையும் பல ஊர்களில் பெண்கள் கண்ட முதல் அரசுப் பணியின் அடையாளமாக இருந்து மகள்களின் படிப்புக்கு ஊக்கம் தந்தன என்பதும் உண்மை. கொள்கை வகுக்கும் மேசையில் ஆண்களும், வாசற்படியில் பெண்களும் என்ற வேலைப் பிரிவினை மட்டும் மாறவில்லை.

இனி செய்ய வேண்டியவை

மக்கள்தொகையில் முதியோர் பங்கு உயர்வதும், பிரதிநிதித்துவம் குறையும் அச்சமும் உண்மையான கவலைகள். அவற்றுக்குத் தீர்வு கூட்டாட்சி ஏற்பாடுகளிலும் ஓய்வூதியத்திலும் முதியோர் பராமரிப்பிலும் தேடப்பட வேண்டும்; திருமண மேடைகளில் மணப்பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரையில் அது கிடைக்காது. வேலை, வீடு, குழந்தைப் பராமரிப்பு என்று மூன்றையும் பெண்ணே சுமக்கும் சமூகத்தில், கூடுதலாகப் பெறச் சொல்வது அவளிடம் இன்னொரு முறை கடன் கேட்பதற்கு ஒப்பானது. உண்மையிலேயே குழந்தை விரும்பும் தம்பதியருக்குத் தடையாக இருப்பது வேலைநேரம், குழந்தைக் காப்பகமின்மை, கல்விச் செலவு, கணவனின் பங்கேற்பின்மை ஆகியவைதான். அரசு கைவைக்க வேண்டிய இடங்கள் அவை.

சுகாதாரத் துறைக்குள்ளேயே உடனடியாகச் செய்யக்கூடியவை பல. கருத்தடை பற்றிய உரையாடலும் சம்மதமும் கருவுற்ற ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனைகளில், கணவனும் உடனிருக்க, வலி தொடங்குவதற்கு வெகு முன்பே நிறைவுபெற வேண்டும். பிரசவ அறையில் அந்தக் கேள்வி முதன்முறையாக எழுப்பப்படக் கூடாது. 2017 முதல் தேசியத் திட்டத்தில் உள்ள அந்தரா ஊசியும், லக்னோ மத்திய மருந்தாய்வு நிறுவனம் உருவாக்கிய சாயா வார மாத்திரையும், ஆணுறையும், காப்பர்-டியும் ஒவ்வொரு துணை நிலையத்திலும் தட்டுப்பாடின்றி இருப்பதோடு, அவற்றின் பக்கவிளைவுகள் மறைக்காமல் விளக்கப்பட வேண்டும். ஆண்களோடு பேசுவதற்கென்று ஆண் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற வேண்டும். அறுவை செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஐம்பது வயது வரை ஆண்டுதோறும் மகளிர் நோய்ப் பரிசோதனை உரிமையாக்கப்பட வேண்டும். மகளுக்கான வைப்புத்தொகையிலிருந்து அறுவை நிபந்தனையும், மகப்பேறு உதவியிலிருந்து பிள்ளைகளின் எண்ணிக்கை வரம்பும் நீக்கப்பட வேண்டும்.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காகத் தமிழ்நாடு இடங்களை இழக்கக் கூடாது என்ற வாதம் நாடாளுமன்றத்தில் வலுவாக ஒலிக்கட்டும். ஆனால் அந்தச் சாதனையை மாநிலத்தின் பெயரில் எழுதிக்கொள்பவர்கள், அதற்காக அறுவை மேசையில் படுத்தவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். எத்தனை பிள்ளை, எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும் என்று இம்மண்ணில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அதை நிறைவேற்றும் அரசுக்கே மக்கள்தொகை பற்றிப் பேசும் தகுதி உண்டு.